கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தும் சுகர் மாத்திரைக்கு நம் கையிலிருந்து எவ்வளவு போகும்?

கடலூர் சிப்காட்டிலும், புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனை தொழிற்பேட்டைகளிலும் புதிதாக வேலைக்கு வருகிறவர்களில் சிலருக்கு, சேரும்போது எடுக்கும் மெடிக்கல் டெஸ்டில்தான் சுகர் இருப்பதே தெரிய வருகிறது. பயம் கொஞ்சம் அடங்கியதும் கேட்கிற கேள்வி அநேகமாக இதுதான்: "கம்பெனியில இன்சூரன்ஸ் இருக்குல்ல சார், மாத்திரை செலவு அதுலயே வந்துடும்ல?"

தொழிற்சாலை அலுவலகத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), இன்சூரன்ஸ் கோப்புகளைப் பார்ப்பது என் வேலை. இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது. ஒருவகைக் காப்பீட்டில் மாதாமாதம் மாத்திரை முழுக்க இலவசம். இன்னொரு வகையில், ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேராதவரை மாத்திரைக்கு ஒரு ரூபாய்கூட வராது. இரண்டையும் நாம் 'இன்சூரன்ஸ்' என்றே சொல்கிறோம். அதனால் இலவசமாக வாங்க வேண்டியவர் மெடிக்கல் ஷாப்பில் காசு கொட்டுகிறார். வராத பணத்தை எதிர்பார்த்து பில் சேர்த்து வைக்கிறவர் கடைசியில் ஏமாந்து போகிறார். ஆகவே நீங்கள் எந்தப் பக்கம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் பே ஸ்லிப்பை எடுங்கள்

பிடித்தம் என்ற பகுதியில் பி.எஃப். வரிக்குப் பக்கத்தில் ஈ.எஸ்.ஐ. என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 வரை. 2017 ஜனவரியிலிருந்து இந்த வரம்புதான். ஓவர்டைம் பணத்தைச் சேர்த்துப் பார்த்து "எனக்கு 21,000 தாண்டிடுச்சு" என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வரம்பு பார்க்கும்போது ஓவர்டைம் கணக்கில் வராது.

பிடித்தம் எவ்வளவு? உங்கள் பங்கு 0.75 சதவீதம், கம்பெனியின் பங்கு 3.25 சதவீதம். 18,000 சம்பளம் என்றால் உங்களிடம் பிடிப்பது 135 ரூபாய், கம்பெனி கட்டுவது 585 ரூபாய். மொத்தம் 720. மாதாமாதம் உங்கள் பெயரில் போகிற பணம் இது. இதை எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போவதைக் கௌரவக் குறைவாக நினைத்து ஒதுங்குகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அங்கே கொடுக்கும் மாத்திரைக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர் என்றால் பே ஸ்லிப்பைக் காண்ட்ராக்டரிடம் கேட்டு வாங்குங்கள். ஈ.எஸ்.ஐ. உங்களுக்கும் உண்டு. பிடித்தம் இருந்தும் 10 இலக்கக் காப்பீட்டு எண்ணைத் தரவில்லை என்றால் அங்கேயே விடாமல் கேளுங்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது.

பே ஸ்லிப்பில் ஈ.எஸ்.ஐ. வரியே இல்லை, ஆனால் சேரும்போது 'மெடிக்ளெய்ம்' என்று ஒரு கார்டு கொடுத்தார்கள் என்றால், நீங்கள் குரூப் இன்சூரன்ஸ் பக்கம். ஈ.எஸ்.ஐ. பகுதியில் பெற்றோர் பற்றிய இடத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கீழே போகலாம். நெய்வேலி என்.எல்.சி. போல சொந்த மருத்துவமனை வைத்திருக்கும் நிறுவனத்தில் நிரந்தர வேலை என்றால் அங்குள்ள ஏற்பாடே தனி.

ஈ.எஸ்.ஐ. இருந்தால்

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பதிவாகும்போது ஒரு மருந்தகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் என்று கம்பெனி தானாகப் போட்டுவிடும். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள், குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ளதைக் கேளுங்கள். வேலை சேதராப்பட்டில், வீடு திருப்பாதிரிப்புலியூரில் என்றால் மாதாமாதம் லீவு போட்டு மாத்திரைக்கு அலைவது யாராலும் தொடர்ந்து முடியாது. இந்தக் காப்பீடு மத்திய அரசுச் சட்டத்தின்கீழ் வருவது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி வருகிற ஏற்பாடு. மருந்தகத்தை நடத்துவது தமிழ்நாட்டில் மாநில அரசு, புதுச்சேரியில் புதுச்சேரி அரசு என்றாலும் கார்டு இரண்டு பக்கமும் செல்லும். புதுச்சேரியில் படுக்கை வசதியுள்ள ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை கோரிமேட்டில் இருக்கிறது.

முதல் முறை போகும்போது ஈ.எஸ்.ஐ. கார்டு, ஆதார், கம்பெனி டெஸ்ட் ரிப்போர்ட், வெளியில் டாக்டர் எழுதிய சீட்டு இருந்தால் அது, எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். டாக்டர் பார்த்து எழுதுவார், கவுண்ட்டரில் மாத்திரை தருவார்கள். டாக்டருக்கு ஃபீஸ் கிடையாது, மாத்திரைக்குக் காசு கிடையாது, இவ்வளவு ரூபாய்க்குத்தான் என்ற உச்சவரம்பும் கிடையாது. மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு போன்ற வழக்கமான மாத்திரைகளும் இன்சுலினும் இந்த ஏற்பாட்டில் வரும்.

வெளியில் வாங்கிய பிராண்ட் பெயரே அங்கே கிடைக்காது. வேறு கம்பெனி அட்டையாக இருக்கும். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், உள்ளே உள்ள மருந்து எது, எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். எப்படிப் பார்ப்பது என்பதைக் கீழே சொல்கிறேன். எழுதிய மருந்து இருப்பில் இல்லை என்று சொன்னால் பேசாமல் திரும்பி வந்துவிடாதீர்கள். "மாற்று மருந்து இருக்கா டாக்டர்? இல்லேன்னா வெளியில வாங்கித் தருவீங்களா, நான் வாங்கிட்டு பில் கொடுக்கலாமா?" என்று மருத்துவ அலுவலரிடமே கேளுங்கள். பில் போடலாம் என்று சொன்னால் இருப்பில் இல்லை என்பதை சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, பில்லோடு சேர்த்து வையுங்கள். வாய்ச்சொல்லை நம்பி வாங்கிய மருந்துக்குப் பின்னால் பணம் கேட்டுப் போனால் கையில் ஆதாரம் இருக்காது.

மாத்திரைக்கு அப்பால் ஒரு விஷயம். சுகர் கூடிப் போய் டாக்டர் ஓய்வு எழுதினால், அந்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் ஈ.எஸ்.ஐ. தரும், ஆண்டுக்கு 91 நாள் வரை. அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். சுகரால் கண் விழித்திரை, பாதம், சிறுநீரகம் கடுமையாகப் பாதிக்கப்பட்டால் 80 சதவீதச் சம்பளத்தோடு நீண்டகால ஓய்வுப் பலன் தரும் நோய்ப் பட்டியலிலும் அது வருகிறது; அதற்கு இரண்டு ஆண்டு வேலையும் 156 நாள் பங்களிப்பும் வேண்டும். நடக்கக் கூடாதுதான். நடந்துவிட்டால் சம்பளம் போய்விடுமே என்று பயந்து புண்ணோடு ஷிப்டுக்கு வர வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

அம்மா, அப்பாவைச் சேர்த்தீர்களா?

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த இடம். நெல்லிக்குப்பத்திலிருந்து வேலைக்கு வரும் ஒரு தம்பி. வயது இருபத்து மூன்று, தனக்கு எந்த நோயும் இல்லை. சம்பளம் வந்ததும் அம்மாவுக்கு சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். ஒருநாள் மெடிக்கல் ஷாப் கவரோடு அலுவலகத்துக்கு வந்தபோது பில்லைப் பார்த்தேன். 1,400 ரூபாய்க்கு மேல். அவருடைய ஈ.எஸ்.ஐ. விவரத்தைத் திறந்தால், குடும்பத்தினர் என்ற இடம் காலி. "எனக்குத்தானே சார் இன்சூரன்ஸ்?" என்றார்.

உங்களுக்கு மட்டும் இல்லை. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உங்களை நம்பியிருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதி உண்டு. அதற்கு அவர்கள் பெயரும் ஆதாரும் உங்கள் பதிவில் ஏறியிருக்க வேண்டும். வேலைக்குச் சேரும் அவசரத்தில் படிவத்தை நிரப்புகிறவர் அந்தப் பக்கத்தை விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது. திருமணம் ஆகாத பிள்ளைகளுக்கு அநேகமாக அது காலியாகவே இருக்கும். ஹெச்.ஆரிடம் போய், "என் ஈ.எஸ்.ஐ. கார்டை பிரிண்ட் எடுத்துக் கொடுங்க, ஃபேமிலியில யார் யார் இருக்காங்கன்னு பாக்கணும்" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. குடும்பம் வேறு ஊரில் இருந்தால் அவர்களுக்குத் தனி மருந்தகம் குறிக்கவும் வழி இருக்கிறது. நீங்கள் புதுச்சேரியில் அறை எடுத்துத் தங்கி, அம்மா நெல்லிக்குப்பத்தில் இருந்தால் அவருக்குக் கடலூர் பக்கம் போடச் சொல்லுங்கள்.

குரூப் இன்சூரன்ஸில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வீட்டில் தம்பியோ தங்கையோ ஈ.எஸ்.ஐ. உள்ள வேலையில் இருந்து, பெற்றோர் அவர்களை நம்பியிருந்தால், அவர்கள் பதிவில் பெற்றோரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

மெடிக்ளெய்ம் கார்டு இருந்தால்

இங்கேதான் ஏமாற்றம் அதிகம். கம்பெனி எடுக்கும் குரூப் பாலிசி, ஆஸ்பத்திரியில் 24 மணி நேரமாவது சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கானது. மாதாமாதம் டாக்டரைப் பார்ப்பது, மாத்திரை வாங்குவது, ரத்தப் பரிசோதனை, சுகர் மெஷினுக்கு ஸ்ட்ரிப் எல்லாம் புற நோயாளிச் செலவு. பாலிசியில் 'ஓ.பி. கவர்' என்று தனியாக எழுதியிருந்தால் ஒழிய அது வராது. பெரும்பாலான பாலிசிகளில் இருக்காது. சில கம்பெனிகள் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஓ.பி.க்கு ஒரு தொகை வைத்திருக்கும். இருக்கிறதா என்று கேட்காமல் விடாதீர்கள். இருந்தும் யாரும் தொடாமல் ஆண்டு முடிந்துபோவது உண்டு.

பழைய ஊழியர்கள், "முன்னெல்லாம் மாத்திரை பில் கொடுத்தா வருஷத்துக்கு 15,000 வரைக்கும் வரி இல்லாம கொடுத்தாங்க" என்று சொல்வார்கள். உண்மைதான். 2018-19 நிதியாண்டிலிருந்து அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் நிலையான கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) கொண்டுவந்தார்கள். இப்போது அந்த பில்களைக் கொடுத்துப் பயனில்லை.

ஆக, மெடிக்ளெய்ம்காரருக்கு மாத மாத்திரைச் செலவு முழுக்கச் சொந்தச் செலவு என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். கார்டோடு வந்த பாலிசி விவரத் தாளை ஹெச்.ஆரிடம் வாங்கி, இந்த ஐந்தையும் தேடுங்கள்: ஏற்கெனவே உள்ள நோய்க்கு முதல் நாளிலிருந்தே கவர் உண்டா, கோ-பே (பில்லில் நாம் கட்ட வேண்டிய பங்கு) எத்தனை சதவீதம், அறை வாடகை வரம்பு எவ்வளவு, சேர்வதற்கு முன்னும் டிஸ்சார்ஜுக்குப் பின்னும் எத்தனை நாள் செலவு வரும், பெற்றோர் உள்ளே இருக்கிறார்களா.

முதல் கேள்விக்குக் குரூப் பாலிசியில் பெரும்பாலும் 'உண்டு' என்றே இருக்கும். அது பெரிய ஆறுதல். தனியாக நீங்கள் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள சுகருக்கு 36 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம். 2024-க்கு முன் அது 48 மாதமாக இருந்தது. சுகர் இருப்பதை எந்தப் படிவத்திலும் மறைக்காதீர்கள். மறைத்தால் நாளைக்குப் பெரிய பில் வரும்போது அதையே காட்டி மறுப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்

கால் புண், சுகர் தாறுமாறாக ஏறி மயக்கம், கிருமித் தொற்று என்று சேர்ந்தால் அந்த நாட்களின் இன்சுலின், மாத்திரை, டெஸ்ட் எல்லாம் பாலிசியில் வரும். கேஷ்லெஸ் (பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்குக் கட்டுவது) என்றால் அனுமதி கேட்டு ஒரு மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும், டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்பது 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட விதி. பில் செட்டில் ஆகவில்லை என்று சாயங்காலம் வரை உட்கார வைத்தால் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

கையிலிருந்து போவது எங்கே என்று ஒரு கணக்குப் பார்ப்போம். பில் 60,000 ரூபாய். அதில் பாலிசி ஏற்காத பொருட்கள் 3,000 என்று வையுங்கள். மீதி 57,000. கோ-பே 10 சதவீதம் என்றால் 5,700. உங்கள் கையிலிருந்து மொத்தம் 8,700. இது அறை வாடகை வரம்புக்குள் இருந்தால். 3 லட்சம் பாலிசியில் அறைக்கு 1 சதவீதம் என்றால் நாளுக்கு 3,000. நீங்கள் 4,500 ரூபாய் அறையில் படுத்தால், அறை வாடகை மட்டுமா குறையும்? டாக்டர் ஃபீஸ், நர்சிங் போன்றவையும் அதே விகிதத்தில், அதாவது மூன்றில் இரண்டு பங்குதான் தருவார்கள். ஆனால் மருந்து, உபகரணங்கள், பரிசோதனைகளில் இந்த விகித வெட்டு கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. செட்டில்மென்ட் தாளில் மருந்து வரியையும் குறைத்திருந்தால் எழுதிக் கேளுங்கள். அறை எடுக்கும்போதே, "என் பாலிசி லிமிட் 3,000, அதுக்குள்ள ரூம் கொடுங்க" என்று சொல்லிவிட்டால் இந்தத் தகராறே வராது.

இனி, பலர் கைவிடும் பணம். டிஸ்சார்ஜ் ஆனபின் பெரும்பாலான பாலிசிகளில் 60 நாள், சேர்வதற்கு முன் 30 நாள் செலவும் சேரும். ஓ.பி. கவர் இல்லாத பாலிசியில், வீட்டில் போடும் மாத்திரைக்குப் பணம் வருகிற ஒரே சமயம் இதுதான். கேஷ்லெஸில் வெளியே வந்தவர்கள் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்து இதை விட்டுவிடுகிறார்கள். கிளெய்ம் செய்ய மூன்று விஷயம் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் வீட்டில் தொடர வேண்டிய மருந்துகள் பெயர் பெயராக இருக்க வேண்டும். 'பழைய மாத்திரைகளைத் தொடரவும்' என்று மட்டும் எழுதினால் போதாது. எழுதச் சொல்லி வாங்குங்கள். மெடிக்கல் ஷாப் பில்லில் நோயாளி பெயர், டாக்டர் பெயர், தேதி, கடையின் பில் எண் இருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் கூட்டிப் போட்ட கணக்கு செல்லாது. மூன்றாவது, சேர்ந்த நோய்க்குத் தொடர்புடைய மருந்தாக இருக்க வேண்டும்: கால் புண்ணுக்குச் சேர்ந்தவருக்கு சுகர் மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் பொருந்தும், எப்போதோ எழுதிய மூட்டுவலி மாத்திரை பொருந்தாது. எல்லாவற்றையும் பாலிசியில் சொன்ன காலக்கெடுவுக்குள் டி.பி.ஏ.க்கு (இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கிளெய்ம்களைப் பார்க்கும் நிறுவனம்) அனுப்பி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

"சும்மா ரெண்டு நாள் அட்மிட் ஆகி சுகர் செக் பண்ணிக்கோ, கிளெய்ம்ல வந்துடும்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பரிசோதனைக்காக மட்டும் சேர்வதை பாலிசிகள் வெளிப்படையாகவே விலக்கி வைக்கின்றன. பணமும் வராது, உங்கள் பெயரில் ஒரு மறுப்பும் பதிவாகிவிடும்.

நியாயமான கிளெய்மை மறுத்தால் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அவர்தான். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

மாதச் செலவைக் குறைப்பது எப்படி

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்கு மேலோ கீழோ சின்ன எழுத்தில் மருந்தின் பெயரும் அளவும் இருக்கும்: கிளிமெபிரைடு 1 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. என்பது போல. பக்கத்தில் எஸ்.ஆர். அல்லது ஈ.ஆர். என்று இருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. அந்த எழுத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், அது இல்லாத மாத்திரையை அதற்குப் பதிலாகப் போடக் கூடாது. இந்தச் சின்ன எழுத்தை போனில் படம் எடுத்து வைத்தால் போதும், எந்தக் கடையிலும் விலை ஒப்பிடலாம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, "டாக்டர், மருந்துப் பேரை மட்டும் எழுதிக் கொடுங்க, மக்கள் மருந்தகத்துல வாங்கிக்கிறேன்" என்று கேளுங்கள். டாக்டர் பிராண்ட் பெயர் எழுதியிருந்தால் கடைக்காரர் தானாக மாற்றிக் கொடுக்க முடியாது. அதனால் சீட்டிலேயே வருவது நல்லது. தயங்க வேண்டாம். சுகர் மாத்திரை வருஷக்கணக்கில் போடுவது என்பது அவர்களுக்கும் தெரியும்.

எவ்வளவு வித்தியாசம் வரும்? சிட்டாக்ளிப்டின் மாத்திரையின் காப்புரிமை 2022-இல் முடிந்ததும், அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் அதைக் கொண்டுவந்தார்கள். 50 மி.கி. பத்து மாத்திரை 60 ரூபாய், மெட்ஃபார்மின் 500 சேர்ந்தது பத்து 65 ரூபாய் என்று அப்போது அறிவித்தார்கள். பிராண்ட் விலையைவிட 60 முதல் 70 சதவீதம் குறைவு. நாளுக்கு இரண்டு வேளை என்றால் அந்த விலையில் மாதம் 390 ரூபாய். எம்பாக்ளிஃப்ளோசின் கதை இன்னும் பெரியது. ஒரு மாத்திரை 60 ரூபாய் அளவில் விற்றது. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் இறங்கி, பத்து ரூபாய்க்கும் கீழே 10 மி.கி. மாத்திரை வந்துவிட்டது. மாதம் 1,800 ஆன இடத்தில் 300-க்குள் முடிகிறது. பழைய பிராண்டையே இன்னமும் வாங்குகிறவர்கள் தயவுசெய்து இந்த ஒன்றையாவது டாக்டரிடம் கேளுங்கள்.

மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, டெனிலிக்ளிப்டின், சாதாரண இன்சுலின், கிளார்ஜின் இன்சுலின் ஆகியவை 2022-ஆம் ஆண்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. அந்தப் பட்டியலில் சொன்ன அளவுகளுக்கு அரசு உச்சவிலை வைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. சுகர் மெஷினுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் அப்படியே.

கடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு மக்கள் மருந்தகத்தோடு, 2025 பிப்ரவரி 24-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களும் உண்டு. அதைவிட முக்கியம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மெடிக்ளெய்ம் கார்டு இருப்பதால் அங்கே போகக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. புதுச்சேரியில் ஆரம்ப சுகாதார நிலையங்களும், ஊருக்குள் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனையும், கோரிமேட்டில் ஜிப்மரும் இருக்கின்றன.

இன்சுலின் போடுகிறவர்கள் பென்னிலிருந்து பாட்டிலுக்கு மாறினால் செலவு நன்றாகக் குறையும். ஆனால் ஓர் எச்சரிக்கை. நம் ஊரில் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு தவறும், தாழ்சர்க்கரையில் மயங்கி விழும் அபாயம் உண்டு. மாறும் முதல் நாள் டாக்டர் அல்லது நர்ஸ் முன்னால் ஏற்றிக் காட்டி, சரி என்று சொன்னபின் தொடருங்கள்.

வாரம் ஒருமுறை போடும் புதிய ஊசிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மி.கி. பாட்டில் 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய். மாதம் நான்கு பாட்டில் என்று பெருக்கிப் பாருங்கள். இது ஓ.பி. செலவு, மெடிக்ளெய்மில் வராது. ஈ.எஸ்.ஐ.யிலும் எதிர்பார்த்து உட்கார வேண்டாம். செமாக்ளூடைட் ஊசியின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரை என்பதால், விலை குறைந்த வகைகள் பற்றி டாக்டரிடம் விசாரிக்கலாம். என் கருத்து: மாதச் சம்பளத்தில் பாதியைத் தின்னும் மருந்தை ஆரம்பித்து மூன்றாம் மாதம் நிறுத்துவதைவிட, தொடர்ந்து வாங்க முடிகிற மாத்திரையைத் தவறாமல் போடுவது மேல். "என்னால மாசத்துக்கு இவ்வளவுதான் முடியும்" என்று டாக்டரிடம் தொகையைச் சொல்லிவிடுங்கள். அதற்குள் எழுத அவர்களுக்கு வழி தெரியும். பணம் இல்லையென்று நீங்களாக ஒரு வேளையை விடுவது, ஒன்றுவிட்ட நாள் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வரி கட்டுகிறவர்களுக்கு: 60 வயது கடந்த பெற்றோருக்கு எந்த மருத்துவக் காப்பீடும் இல்லை, நீங்கள்தான் மருந்து வாங்குகிறீர்கள் என்றால், 80டி என்று நாம் பழகிய கழிவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை காட்டலாம். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். ரொக்கமாகக் கொடுத்தது சேராது, யு.பி.ஐ. அல்லது கார்டில் கட்டி பில்லை வையுங்கள்.

சம்பளம் ஏறும்போது, வேலை மாறும்போது

ஈ.எஸ்.ஐ.யில் ஆண்டு இரண்டாகப் பிரியும்: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். நடுவில் சம்பளம் 21,000 தாண்டினால் அன்றே வெளியே போட மாட்டார்கள். மே மாதம் இன்கிரிமென்ட் வந்தால் செப்டம்பர் 30 வரை பிடித்தம் தொடரும். அந்தப் பங்களிப்புக்கான பலன் காலம், அதாவது அதன் பலனை நீங்கள் பெறும் காலம், அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை. அதற்குள் கம்பெனியின் மெடிக்ளெய்மில் பெயர் ஏறிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். இந்த மாற்றத்தில்தான் அம்மாவின் இலவச மாத்திரையும் நிற்கும் என்பதால், அவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே பதிவு செய்து வையுங்கள்.

மெடிக்ளெய்மில் இருந்து வேலையை விட்டால் கடைசி வேலை நாளோடு கவர் முடிந்துவிடலாம். ராஜினாமா கொடுக்கும் போதே, அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனிநபர் பாலிசிக்கு மாற என்ன செய்ய வேண்டும் என்று ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். சுகர் உள்ளவருக்குப் புதிய பாலிசியில் காத்திருப்புக் காலம் சுமையாகிவிடும். குரூப்பில் இருந்த ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்கக் கேட்கும் வாய்ப்பு அந்த சமயத்தில்தான்.

ஈ.எஸ்.ஐ.யில் ஐந்து ஆண்டாவது இருந்து ஓய்வு பெறுகிறவருக்கு ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன், மனைவி இருவருக்கும் மருத்துவ வசதி தொடரும். உங்கள் ஷிப்டில் ஓய்வு பெறப்போகும் அண்ணன் யாராவது இருந்தால் அவரிடம் இதைச் சொல்லி, கிளை அலுவலகத்துக்குப் போகும்போது கூடப் போய்வாருங்கள். படிவம் நிரப்ப ஓர் ஆள் இருந்தால் அன்றைக்கே முடித்துக்கொண்டு வரலாம்.